மீட்டர் கண்ணாடியில் ஒரு கைநாட்டு

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது, சாப்பாட்டு மேசைமேல் காரின் வேகம் காட்டும் மீட்டர் பெட்டி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் புருஷன் உட்கார்ந்திருந்தான். இரண்டில் எது அதிகமாக மங்கிப்போயிருந்தது என்று சொல்வது கஷ்டம்.

"என்னங்க இது?"

"மீட்டர்."

"அது தெரியுது. வண்டியில இருக்க வேண்டியது சோத்துத் தட்டு வைக்கிற இடத்துல எதுக்கு இருக்கு?"

அவன் வாயிலிருந்து ஒரு விஷயத்தை வாங்குவது அடைத்துக்கொண்ட குழாயில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. வாளியை வைத்துவிட்டுப் பொறுமையாக நிற்க வேண்டும். அவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள், கை கழுவினாள், இரண்டு தட்டில் சோறும் கீரையும் போட்டாள், மீட்டரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பாதிச் சோறு உள்ளே போன பிறகுதான் சொட்டுச் சொட்டாக வந்தது.

அவன் வாடகைக் கார் ஓட்டுகிறவன். கார் அவனுடையதல்ல. நாற்காலி, மேசை செய்கிற பட்டறை வைத்திருக்கும் முதலாளியுடையது. ஆறு வருஷமாக ஒரே கார், ஒரே டிரைவர். ராத்திரியில் வண்டி பட்டறை வாசலில் நிற்கும். காலையில் எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு வருவான். இந்த வாரம் மூன்று நாள் காய்ச்சலில் படுத்துவிட்டான். இன்றைக்கு எழுந்து ஸ்டாண்டுக்குப் போனால் முதலாளியே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். கதவைத் திறந்து, வந்து பார் என்றார். மீட்டர் கண்ணாடி பால் கொட்டிக் காய்ந்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. வேக முள்ளும் தெரியவில்லை, எண்ணும் தெரியவில்லை. திங்கட்கிழமை வண்டியைத் தகுதிப் பரிசோதனைக்குப் போக்குவரத்து ஆபீசில் நிறுத்த வேண்டும். மீட்டர் தெரியாத வண்டியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழைய மாடல் என்பதால் மாற்றுக் கண்ணாடியும் எந்தக் கடையிலும் கிடையாது.

"எதப் போட்டுத் துடைச்சேன்னு கேட்டாரு. வண்டிய நம்பிக் குடுத்தா இப்படியா வெச்சிருப்பேன்னாரு. திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணு, இல்லேன்னா சாவிய வெச்சுட்டுப் போ, வேற ஆள் இருக்குன்னாரு."

"யார் முன்னாடி?"

"எல்லாரும்தான் இருந்தாங்க. எட்டுப் பேர் டீ குடிச்சுக்கிட்டு இருந்தாங்க."

"நீங்க துடைச்சீங்களா?"

"நான் எங்க துடைச்சேன். மூணு நாளா இந்தக் கட்டில்லதானே கெடந்தேன்."

"அத அவர்கிட்ட சொன்னீங்களா?"

அவன் கீரையைப் பிசைந்தான்.

"என்ன சொன்னீங்க?"

"சரிங்கன்னு சொன்னேன்."

அவள் கையை உதறிவிட்டு எழுந்தாள். ஸ்டாண்டில் அவனுக்குப் பெயரே 'சரிங்க'தான். பயணி இன்னும் கொஞ்சம் உள்ளே போகணும் என்றாலும் சரிங்க, முதலாளி ஞாயிற்றுக்கிழமையும் வரணும் என்றாலும் சரிங்க. அந்த வார்த்தையோடு பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறாள், சில நாள் அது சௌகரியமாகவும் இருந்திருக்கிறது. ஆனால் செய்யாத தப்புக்கும் சரிங்க என்பான் என்று அவள் நினைக்கவில்லை.

"சரிங்கன்னா என்ன அர்த்தம்? ஆமா, நான்தான் கெடுத்தேன்னு அர்த்தம். எட்டுப் பேர் காதுல அதானே விழுந்திருக்கும்? ஆறு வருஷம் அந்த வண்டிய நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி பாத்தீங்க. ஒரு நிமிஷத்துல கெடுத்தவன்னு பேர் வாங்கிட்டு, அந்தக் கெட்ட பேரக் கழட்டி என் சாப்பாட்டு மேசையில வேற கொண்டாந்து வெச்சிருக்கீங்க."

"உன்னால சரி பண்ண முடியும்னு தோணிச்சு. அதான்."

அது உண்மைதான். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளுக்கு ஒன்பது வருஷ வேலை. முன்னால் வெள்ளைச் சட்டைக்காரர்கள் கண் பார்த்து எழுதிக் கொடுப்பார்கள். பின்னால் அவள் பிளாஸ்டிக் வில்லையைச் சட்டத்துக்குப் பொருந்தும்படி ராவி, ஓரம் தேய்த்து, மெருகேற்றி அனுப்புவாள். கீறலைப் பார்த்தே இது சட்டை நுனியில் துடைத்தது, இது பேப்பரில் துடைத்தது, இது மேசையில் கவிழ்த்து வைத்தது என்று சொல்லிவிடுவாள். தெருவில் அவளைக் கண்ணாடிக்காரி என்பார்கள். எதையும் காய்ந்த துணியால் துடைக்க விடமாட்டாள். தூசியோடு சேர்த்துத் தேய்ப்பதற்குப் பதில் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கலாம் என்பது அவள் கட்சி.

மீட்டரின் முன்கண்ணாடியைக் கொக்கி கொக்கியாக நெம்பித் தனியே எடுத்தாள். முள்ளையும் கறுப்பு முகத்தையும் விரல் படாமல் ஒரு துணியால் மூடி வைத்தாள். கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். வெளியே மழை வருவதா வேண்டாமா என்று நின்றிருந்தது.

"இந்த மெல்லிசு வட்டமெல்லாம் உங்க கைங்கரியம். காய்ஞ்ச துண்டால துடைச்சிருக்கீங்க."

"ஆமா."

"இந்தப் பழுப்புப் புள்ளி டீ."

"அதுவும் நான்தான்."

"அத ஒத்துக்குங்க, தப்பில்ல. ஆனா இந்த வெளுப்பு கீறலும் இல்ல, கறையும் இல்ல. வெந்து போயிருக்கு. எவனோ பெயின்ட்ல கலக்கற தின்னர் மாதிரி எதையோ போட்டுத் துடைச்சிருக்கான். பிளாஸ்டிக் இளகிப் பூத்துப்போச்சு. எங்க கடையில புதுசா வந்த பொண்ணு ஒருநாள் நகச்சாயம் எடுக்கறதப் போட்டு ஒரு வில்லையத் துடைச்சா. இதே கதைதான்."

அந்த நேரத்தில் நாத்தனார் வந்தாள். புருஷனின் தங்கை, பிஸ்கட் கம்பெனியில் அட்டைப் பெட்டி மடிக்கிறாள், இவர்களோடுதான் இருக்கிறாள். குடையை ஆணியில் மாட்டிக்கொண்டே கதையைக் கேட்டு, அண்ணனைத் தன் பங்குக்கு ஒரு சுற்றுத் திட்டிவிட்டு, கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள்.

"அண்ணி, இங்க பாருங்க. கைநாட்டு வெச்சுட்டுப் போயிருக்காங்க."

கண்ணாடியின் வலது கீழ் மூலையில், வெளுப்புக்குள்ளே, ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. ஒட்டியிருந்த அழுக்கல்ல. நகத்தால் சுரண்டினால் வரி வரியாகத் தட்டுப்பட்டது. பிளாஸ்டிக் இளகியிருந்த நேரத்தில் யாரோ அழுத்தியிருக்கிறார்கள், அப்படியே உறைந்துவிட்டது. அகலமான விரல். ரேகையின் நடுவே சாய்வாக ஒரு கோடு வெட்டிக்கொண்டு போயிற்று.

"எங்க கம்பெனி அட்டெண்டன்ஸ் மெஷின் மாதிரியே இருக்கு" என்றாள் நாத்தனார். "அது நெதம் என் விரலத் திருப்பி அனுப்புது. அட்டை கிழிச்ச காயம் இருந்தா ஒத்துக்காது. இந்த ஆளுக்கும் ஏதோ வெட்டுக்காயம் இருக்கு. அண்ணே, கையக் காட்டு."

அவன் காட்டினான். ஒல்லி விரல். ஒரு தழும்பு கிடையாது.

"பாத்தீங்களா" என்றாள் கண்ணாடிக்காரி. "நீங்க பேசாம இருந்தாலும் இது பேசுது."

ஞாயிற்றுக்கிழமை காலை மழை பிடித்துக்கொண்டது. ஈரத் துணிகள் கூடம் முழுக்கத் தொங்கின. அவற்றுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் வைத்துக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் இரண்டு தடவை அலசினாள். தின்னரில் நனைந்த பஞ்சு நூல் ஒன்று ஓரத்தில் இளகிய பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருந்தது. பிறகு கைநாட்டு இருந்த மூலையின்மேல் காகித டேப்பை ஒட்டினாள்.

"அத ஏன் மூடற? எல்லாத்தையும் தேய்ச்சு எடுத்துடு" என்றான் புருஷன்.

"எடுத்துட்டா?"

"கண்ணாடி தெளிஞ்சிடும். ஆபீஸ்ல பாஸ் ஆயிடும். வண்டி நம்மகிட்ட இருக்கும்."

"உங்க பேர்?"

"பேர வெச்சு என்ன பண்றது. வண்டி இருந்தாப் போதும்."

"நல்லா இருக்கே நியாயம். கெடுத்தவன் நீங்கன்னார், நீங்க சரின்னீங்க. இப்ப நான் தேய்ச்சுப் பளபளன்னு கொண்டு போய்க் குடுத்தா, பாத்தியா, கெடுத்தவனே சரி பண்ணிட்டான்னு முத்திரை குத்தின மாதிரி ஆயிடும். நாளைக்குப் பிரேக் போனாலும் நீங்க, பயணி பை காணாமப் போனாலும் நீங்க. அந்த மூலையில எண்ணும் இல்ல, முள்ளும் இல்ல, வெறும் கறுப்பு. ஆபீஸ்காரன் கேக்க மாட்டான். அது இருக்கும்."

நாத்தனார் அடுப்படியில் முட்டை உடைத்துக்கொண்டே, "இருக்கட்டும் அண்ணி" என்று குரல் கொடுத்தாள்.

தண்ணீர் உப்புத்தாளில் கொஞ்சம் சொரசொரப்பானதை எடுத்து நனைத்து, ஒரு சின்ன ரப்பர் துண்டில் சுற்றி, நெடுக்குவாட்டில் தேய்த்தாள். பத்து இழுப்புக்கு ஒரு தடவை தண்ணீரில் முக்கினாள். கொஞ்ச நேரத்தில் தெளிவாக இருந்த இடங்களும் சேர்ந்து முழுக் கண்ணாடியும் சுண்ணாம்பாகிப் போனது. எட்டிப் பார்த்த புருஷன் வாசல் பக்கம் போய்விட்டான். அவனுக்குக் காய்ச்சல் திரும்பும் போலிருந்தது.

"இருந்ததும் போச்சா?" என்று அங்கிருந்தே கேட்டான்.

"வாய மூடிக்கிட்டு மழையப் பாருங்க."

அடுத்து அதைவிட நைசான தாள், இந்தத் தடவை குறுக்குவாட்டில். போன தாளின் கோடுகள் எல்லாம் மறைந்தால்தான் அடுத்த தாளைத் தொடுவாள். அதுதான் அவள் பழக்கம். திசை மாற்றினால் எது பழைய கோடு, எது புதுக் கோடு என்று கண்ணுக்குத் தெரியும். பிறகு இன்னும் நைசு, மறுபடி நெடுக்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவே அலசல். தோள்பட்டை கடுத்தது. கோபம் இருந்ததால் கை நிற்கவில்லை, ஆனால் கோபத்தை விரலுக்கு வரவிடவில்லை. ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் சூடேறிப் பள்ளம் விழும், பள்ளம் விழுந்தால் எண் கோணலாகத் தெரியும்.

மத்தியானம் முட்டையும் சோறும் தின்றுவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த மெருகுப் பசையைப் பொட்டுப் பொட்டாக வைத்து, மெத்தென்ற பருத்தித் துணியால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தாள். சுண்ணாம்பு விலகியது. முதலில் ஜன்னல் கம்பி தெரிந்தது, பிறகு கம்பிக்கு அப்பால் மழை தெரிந்தது. அலசித் துடைத்து மீட்டரின்மேல் வைத்தபோது எண்கள் ஒவ்வொன்றும் அச்சடித்ததுபோல் நின்றன. டேப்பை உரித்தாள். மூலையில் கட்டைவிரல் மட்டும் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது.

புருஷன் குனிந்து பார்த்தான். "புதுசு கூட இப்படி இல்ல" என்றான். அது அவனுக்கு நீளமான பேச்சு.

நாலு மணிக்கு மழை விட்டதும் இரண்டு பேரும் பட்டறைக்குப் போனார்கள். ஒரு மண்டபத்துக்கு நாற்பது நாற்காலி செய்து கொடுக்க வேண்டியிருந்ததால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடந்தது. உள்ளே போனதுமே வார்னிஷ் நெடி மூக்கில் ஏறியது. மெருகு போடும் ஆட்கள் இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து நாற்காலிக் காலுக்குத் துணி ஒத்திக்கொண்டிருந்தார்கள். மூலையில் தின்னர் டப்பா, அதன்மேல் பஞ்சுக் குவியல். அந்தப் பஞ்சைப் பார்த்ததுமே கண்ணாடிக்காரிக்குப் பாதி விளங்கிவிட்டது. யாரோ ஒரு ஆள் துடைத்திருக்கிறான், முதலாளிக்குத் தெரியாது போல, நல்லவிதமாகவே கேட்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

முதலாளி மீட்டரை வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"அட, நல்லா வந்திருக்கே. இதத்தான் சொன்னேன். கெடுத்தவனே மனசு வெச்சா சரி பண்ணிடலாம். இனிமேயாவது கண்டதப் போட்டுத் துடைக்காம இரு."

"அவர் துடைக்கலைங்க" என்றாள் அவள். "மூணு நாளும் காய்ச்சல்ல கெடந்தார். வண்டி இங்கதான் நின்னிச்சு."

"அதுக்கு முன்னாடியே துடைச்சிருப்பான்மா. அவனே சரிங்கன்னு ஒத்துக்கிட்டான். நீ என்ன புதுசா?"

சொல்லிக்கொண்டே நடந்தார். நடந்துகொண்டே பக்கத்தில் இருந்த நாற்காலியின் முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலைத் திருப்பிப் பார்த்தார். அடுத்த நாற்காலியில் வைத்து அழுத்தினார், பார்த்தார். "இது இன்னும் காயலடா" என்றார் ஆட்களிடம். முப்பது வருஷமாக வார்னிஷ் காய்ந்ததா என்று பார்க்கிற கை. பேச்சு ஒரு பக்கம் போனாலும் விரல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

கண்ணாடிக்காரி அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். ஈர வார்னிஷில் அகலமான ரேகை. நடுவே சாய்வாக ஒரு கோடு.

துடைத்தது பட்டறை ஆள் இல்லை, ஆளை விட்டுத் துடைக்கச் சொன்னதும் இல்லை. பரிசோதனைக்கு வண்டி சுத்தமாக இருக்கட்டும் என்று இவரே பஞ்சைத் தின்னரில் தோய்த்து மீட்டரைத் துடைத்திருக்கிறார். வெளுத்ததைப் பார்த்து, காய்ந்தால் சரியாகிவிடுமா என்று வழக்கம்போல் விரலை வைத்து அழுத்திப் பார்த்திருக்கிறார். இதெல்லாம் தெரியாமல் செய்தது. ஆனால் கதவைச் சாத்திவிட்டு, காய்ச்சல் விட்டு எழுந்து வருகிறவனுக்காகக் காத்திருந்து, எட்டுப் பேர் முன்னால் வைத்து அவன் தலையில் கட்டியது தெரிந்தே செய்தது.

"ஐயா, கொஞ்சம் இப்படி வாங்க."

"என்ன?"

அவள் மீட்டரை நாற்காலி முதுகோடு சேர்த்துப் பிடித்தாள். "ரெண்டும் ஒரே விரலா இருக்கு. நீங்களே பாருங்க."

மெருகு ஆட்கள் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். முதலாளி பார்த்தார். அவருடைய கட்டைவிரல் மெல்ல மற்ற விரல்களுக்குள்ளே போய் ஒளிந்துகொண்டது. அதில் எப்போதோ உளி பட்ட தழும்பு இருப்பது பட்டறையில் எல்லாருக்கும் தெரியும்.

"சரி, அந்த மூலையையும் தேய்ச்சு எடுத்துடு. அரை மணி நேர வேலைதானே" என்றார்.

"அரை மணி கூட ஆகாது. ஒரு வார்த்தை சொல்லுங்க, எடுத்துடறேன். ஸ்டாண்டுல வெச்சுத்தானே அவர் கெடுத்தார்னு சொன்னீங்க. ஸ்டாண்டுல வெச்சே இல்லேன்னு சொல்லுங்க."

"என்னம்மா பேச்சு இது. என் வண்டி, என் கண்ணாடி. நான் எதப் போட்டு வேணும்னாலும் துடைப்பேன்."

"தாராளமா துடைங்க. வண்டி உங்களது. பேர் இவரோடது. அத எதுக்குத் துடைச்சீங்க?"

முதலாளிக்கு முகம் கறுத்தது. அவளை விட்டுவிட்டு அவனிடம் திரும்பினார். பழகின இடத்தில் கை வைத்தால் வேலை சுலபமாக முடியும் என்று அவருக்குத் தெரியும்.

"இங்க பாரு, வீட்டுல சொல்லி வை. பொம்பளப் பேச்ச வெச்சு வேலையக் கெடுத்துக்காத. மீட்டர மாட்டு, காலையில வண்டிய ஆபீசுக்கு எடுத்துட்டுப் போ. மத்ததெல்லாம் விடு. சரியா?"

அந்த வார்த்தை வரும் என்று பட்டறையே காத்திருந்தது. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவன் எதுவும் சொல்லவில்லை. மீட்டரை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். காரில் உட்கார்ந்து பின்னால் வயரைச் சொருகினான், பெட்டியை உள்ளே தள்ளினான், இரண்டு திருகாணியையும் முடுக்கினான். சாவி போட்டு எல்லா விளக்கும் எரிகிறதா என்று பார்த்தான். உள்ளே திரும்பி வந்து சாவியை வேலை மேசைமேல் வைத்தான். அவளிடம் "வா" என்றான்.

தெருமுனைக்கு வந்ததும் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"சாவிய ஏங்க வெச்சீங்க?"

"தெரியல."

"வண்டி போச்சுன்னா?"

"நீதானே பேர் பேர்னு சொன்ன."

"சொன்னேன். இல்லேன்னு சொல்லல. ஒரு வார்த்தை கேட்டுட்டு வெச்சிருக்கலாம்ல?"

"கேட்டா நீ வெக்க விட்டிருக்க மாட்ட."

அதுவும் உண்மைதான். அன்றைக்கு ராத்திரி இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை. நாத்தனார் மட்டும், பிஸ்கட் கம்பெனியில் வண்டி ஓட்ட ஆள் கேட்கிறார்கள் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை அவள் பின்னறையில் உட்கார்ந்து ஒரு வில்லையை இரண்டு தடவை தப்பாக ராவினாள். ஒன்பது வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. மத்தியானம் ஒரு மணிக்குப் பின்வாசலில் ஹாரன் கேட்டது. கையைக்கூடக் கழுவாமல் வெளியே வந்தாள்.

அதே கார். உள்ளே அவன்.

"ஆபீசுக்கு எடுத்துட்டுப் போனேன். பாஸ் ஆயிடுச்சு" என்றான்.

"அது கெடக்கட்டும். ஸ்டாண்டுல என்ன ஆச்சு?"

"காலையில சும்மா அங்க போய் நின்னேன். அவரே வந்தாரு. வண்டிய நிறுத்திட்டுச் சாவிய நீட்டினாரு."

"சும்மா நீட்டினாரா?"

"எல்லாரும் டீ குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. 'மீட்டர நான்தான்ப்பா தெரியாம துடைச்சுட்டேன், சரியா?'ன்னாரு."

"சரிங்கன்னு சொன்னீங்களா?"

"இல்ல."

அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். "என்ன சொன்னீங்க?"

"துடைச்சது தெரியாமங்க. என் தலையில போட்டது தெரிஞ்சேங்கன்னு சொன்னேன்."

"நீங்களா?"

"நான்தான். குரல் நடுங்கிச்சு. ஆனா சொல்லிட்டேன்."

"அவரு?"

"சும்மா நின்னாரு. அப்புறம் 'ஆமா'ன்னாரு. எல்லாருக்கும் கேட்டுச்சு. 'அந்த மூலைய எடுத்துடச் சொல்லுப்பா'ன்னு சொல்லிட்டு நடந்தே போயிட்டாரு."

அவளுக்குக் கண் கலங்கியது. பின்னறைத் தூள் பட்டது என்று கடையில் சொல்லிக்கொள்ளலாம். "சொன்னாச் சொன்னதுதான். ஞாயித்துக்கிழமை கழட்டிட்டு வாங்க, எடுத்துடறேன்" என்றாள்.

அவன் தலையாட்டினான். வழியில் ஏறிய தூசி மீட்டர் கண்ணாடிமேல் மெல்லிசாகப் படிந்திருந்தது. பேச்சோடு பேச்சாகச் சட்டை நுனியை இழுத்து அதைத் துடைக்கப் போனான். அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவன் புறங்கையில் ஒரு அடி வைத்தாள்.

"காய்ஞ்ச துணியால துடைக்காதீங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது?"

"சரிங்க" என்றான்.